தண்ணீரோடு கொடுக்கும் மருந்து

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் பெண், விடியற்காலையில் லயத்தை விட்டுப் புறப்படுமுன் ஒரு கோப்பைச் சாயத்தண்ணீர் அருந்துகின்றாள். அதன்பின், நண்பகலில் மடுவத்துக்குக் கூடையைக் கொண்டுவந்து இறக்கும் வரையில், அவள் தண்ணீரை நாடுவது அரிது. தாகம் எடுப்பதில்லை என்பது காரணமன்று. நமுனுகுலைச் சரிவிலும் மடுல்சீமை மேட்டிலும் தேயிலைச் செடி இடுப்பளவே நிற்கும். மலசலகூடமோ லயத்துப் பக்கத்தில், நெடுந்தூரத்துக்கு அப்பால். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை. ஆகவே குடியாதிருத்தல் என்னும் வழக்கத்தைத் தாயிடமிருந்து மகள் கற்றாள்; அவளிடமிருந்து அவள் மகளும் கற்றுக்கொண்டாள்.

புற்றுநோய்க்கான ஊசிமருந்து ஒன்றைப் பற்றிய பேச்சு தேயிலை மலையிலே தொடங்குவானேன் என்று நேயர்கள் எண்ணக்கூடும். அம்மருந்தின் பெயர் சிஸ்பிளாற்றின். முற்றிய வாய்ப்புற்றுக்கும், கருப்பைக் கழுத்துப் புற்றுக்கும், வேறு பல புற்றுகளுக்கும் உலகெங்கும் வழங்கப்படுவது. நாளத்தின் வழியே குருதியிற் செலுத்தப்படுவது. போதிய தண்ணீரின்றி அது கொடுக்கப்படுமாயின், நோயைத் தாக்கும் அதே வேகத்திற் சிறுநீரகத்தையும் தாக்கும். தண்ணீர் குடியாதிருக்கப் பழகிய உடம்புக்குத் தண்ணீரையே துணையாகக் கொண்ட மருந்து கொடுக்கப்படுகின்றது. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே இப்பேச்சின் பொருள்.

இலங்கையின் ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றே நெடுங்காலமாக முதலிடத்தில் நிற்கின்றது. பெண்களிடையே மார்புப் புற்று முதலிடம் பெறினும், வெற்றிலை போடும் பெண்களை வாய்ப்புற்று விட்டுவைப்பதில்லை. தோட்டங்களில் வெற்றிலை ஏன் இவ்வளவு வேரூன்றியது என்பதை வெளியிலிருந்து பார்ப்போர் எளிதில் உணரார். காலை மூடுபனியிலே வாய்க்குச் சூடு தருவது அது. பசியை மறக்கச் செய்வது. அட்டை கடித்த இடத்திற் பூசச் சுண்ணாம்பும் புகையிலைச் சாறும் மடியில் இருக்கவேண்டுமல்லவா? பாக்கு வெட்டியும் சுண்ணாம்புச் சிமிழும் இல்லாத திருமண வீடும் இழவு வீடும் மலைநாட்டில் இல்லை. ஆயினும், புகையிலை கலந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. புகையிலை இல்லாவிடினும் பாக்கு ஒன்றே போதும் என்று, 2003இற் கூடிய அதன் அறிஞர் குழு முடிவு செய்தது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் மெல்லும் புகையிலைப் பண்டங்களுக்கு 2016இல் இலங்கை அரசாங்கம் தடை விதித்தது. லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து மூதாட்டி தன் கையால் இடித்துப் போடும் வெற்றிலையை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது.

வாய்க்குள் ஒரு வெண்படை அல்லது செம்படை. இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண். வாய் திறக்கமுடியாமல் கன்னம் இறுகுதல். இவையே முன்னறிகுறிகள். பெரும்பாலும் வலி இராது. வலி இல்லாத புண்ணுக்காக ஒரு நாட்பேரை இழந்து வைத்தியசாலைக்குச் செல்வோர் எத்தனை பேர்? ஆகவே பலர் கழுத்தில் நெறி கட்டிய பின்னரே பதுளைக்கு வருகின்றனர். அந்நிலையிற் சத்திரசிகிச்சை மட்டும் போதாது. கதிர்ச் சிகிச்சையும் வேண்டும். பலருக்குக் கதிரோடு சிஸ்பிளாற்றினும் வேண்டும்.

இம்மருந்து பிறந்த கதை விந்தையானது. மருந்து தேடாதவர் கையில் அகப்பட்ட மருந்து அது. அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் பார்னெற் ரோசன்பேர்க் என்னும் பௌதிக அறிஞர் இருந்தார். கலம் ஒன்று இரண்டாகப் பிரியும் வேளையில் அதனுள்ளே தோன்றும் இழைகள், காந்தத்தைச் சூழ்ந்த இரும்புத்தூள் போல் அமைவதை அவர் கண்டார். மின்புலம் கலப்பிரிவைப் பாதிக்குமோ என்று ஐயுற்று, பற்றீரியாக்கள் வாழும் திரவத்திலே பிளாற்றினத் தகடுகளை இட்டு மின்னோட்டம் பாய்ச்சினார். பற்றீரியாக்கள் பிரியவில்லை, வளர்ந்துகொண்டே சென்றன. இயல்பான நீளத்தைப்போல் முந்நூறு மடங்கு நீண்டு, இடியப்ப இழைகள் போற் கிடந்தன. மின்சாரத்தின் செயல் என்றே முதலிற் கருதினர். பின்னர் நுணுகி ஆராய்ந்தபோது, எதனோடும் கலவாதது எனப் பெயர்பெற்ற பிளாற்றினம் தகட்டிலிருந்து மிகச் சிறிதளவு கரைந்து, திரவத்திலிருந்த அமோனியாவோடும் குளோரைட்டோடும் சேர்ந்து புதியதொரு சேர்வையாகியிருந்தமை புலனாயிற்று. இக்கண்டுபிடிப்பு 1965இல் வெளியாயிற்று. புதியது என்பதுகூட முற்றும் பொருந்தாது. இத்தாலிய இரசாயனர் மிக்கேலே பெய்றோனே 1840களில் அச்சேர்வையை ஆக்கியிருந்தார். அதன் வடிவை 1893இல் அல்பிரட் வேர்னர் உய்த்துணர்ந்தார். ஒன்றேகால் நூற்றாண்டாகப் புட்டியில் உறங்கிய உப்பு அது.

பிரிவதை நிறுத்துவது இது என்றால், ஓயாது பிரிந்து பெருகும் புற்றுக் கலத்தையும் நிறுத்தாதோ என்பது ரோசன்பேர்க்கின் அடுத்த வினா. 1969இல் எலிகளின் கட்டிகள் கரைந்தன எனச் செய்தி வந்தது. 1971இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. நோய் இறங்கியது; ஆனால் நோயாளர் பலரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன; வாந்தியோ சொல்லுந்தரமன்று. இது மருந்தன்று, நஞ்சு என்று கூறிக் கைவிட எண்ணியோரும் உளர். 1970களில் நியூயோர்க்கிலிருந்த வைத்தியர்கள் எளிய வழியொன்றைக் கையாண்டனர். மருந்துக்கு முன்னும் பின்னும் உப்புநீரை நாளத்தின் வழியே நிரம்பச் செலுத்திச் சிறுநீரைப் பெருகச் செய்தனர். பிளாற்றினம் சிறுநீரகத்திலே தங்கி ஊறாமல் அடித்துச் செல்லப்பட்டது. மருந்து பிழைத்தது, 1978இல் அமெரிக்க அரசாங்கத்தின் ஒப்புதலையும் பெற்றது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. சிஸ்பிளாற்றினைக் காப்பாற்றியது மற்றொரு மருந்தன்று, தண்ணீரும் உப்பும் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

உப்புக்கு இங்கே மற்றுமொரு வேலை உண்டு. சிஸ்பிளாற்றினின் மூலக்கூற்றை ஒரு சதுரத் தட்டுக்கு ஒப்பிடலாம். நடுவிலே பிளாற்றினம், ஒரு பக்கத்து இரு மூலைகளில் அமோனியா, மறுபக்கத்து இரு மூலைகளிற் குளோரைட்டு. குருதியிற் குளோரைட்டு மிகுதியாக உண்டு. ஆகவே மருந்து அங்கே தன் மூலைகளை இழவாது, பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். கலத்தின் உள்ளேயோ குளோரைட்டு மிகக் குறைவு. அங்கே புகுந்தவுடன் குளோரைட்டு கழன்று போக, வெறுமையான மூலைகளால் மருந்து பரம்பரைப் பொருளாகிய டி.என்.ஏ. இழையைப் பற்றிக்கொள்ளும். பற்றிய இழை வளையும். வளைந்த இழையைப் படியெடுக்க முடியாமற் கலம் மடியும். இதனாலேயே இம்மருந்தை உப்புநீரிற் கலப்பார்களேயன்றி வெறும் நீரிலோ, உப்பில்லாத குளுக்கோசு நீரிலோ கலப்பதில்லை. அலுமினியம் சேர்ந்த ஊசியும் கருவியும் ஆகா. அலுமினியம் பட்டால் மருந்து கரிய படிவாகிக் கெட்டுவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் உறைந்து படியும். வெளிச்சத்திலே கிடந்தால் வலுவிழக்கும். சில வேளைகளில் மருந்துப் பை துணியாலோ தாளாலோ மூடப்பட்டுத் தொங்குவதைக் கண்டு, தமக்குத் தெரியாமல் ஏதோ மறைக்கின்றனர் என்று அஞ்சும் நோயாளர் உளர். மறைப்பது வெளிச்சத்துக்கே, மனிதருக்கன்று.

இனி, பதுளைக்குச் செல்லும் நாளைப் பார்ப்போம். லுணுகலையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ முதற் பேருந்தில் ஏறிப் பசறை வழியாக வருவோர், வளைவுகளில் வாந்தி வருமென்று வெறும் வயிற்றோடு, ஒரு மிடறு தண்ணீரும் பருகாமல் வருவர். வழியில் இறங்கி ஒதுங்க வசதியில்லை என்ற எண்ணமும் உண்டு. அவ்வாறு வறண்டு வந்த உடம்பிலேதான் முதலிற் குருதிப் பரிசோதனை நடைபெறுகின்றது. கிரியாற்றினின் என்னும் கழிவுப்பொருளின் அளவைக் கொண்டு சிறுநீரகத்தின் நிலையை மதிப்பிடுவர். தண்ணீர் குறைந்த உடம்பில் அவ்வளவு உயர்ந்து தோன்றும். உயர்ந்தால் அன்றைய மருந்து நிறுத்தப்படும். ஒரு நாள், ஒரு நாட்பேர், போக்குவரவுச் செலவு அனைத்தும் வீண். முதல் நாளே இரண்டு போத்தல் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்திருந்தால் இப்பயணம் பலருக்கு வீணாகியிராது.

பரிசோதனை நன்றாயின், உயரமும் நிறையும் அளந்து உடற்பரப்பைக் கணக்கிட்டு மருந்தின் அளவைத் தீர்மானிப்பர். சென்ற முறை நிறுத்தோமே, மீண்டும் எதற்கு என்று சலித்துக்கொள்வோர் உண்டு. வாய்ப்புற்று நோயாளர் உண்ணமுடியாமல் இரண்டு வாரத்தில் பல கிலோ இழக்கக்கூடும். பழைய நிறைக்குரிய அளவு புதிய உடம்புக்கு மிகையாகும். கதிரோடு கொடுக்கும்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 100 மில்லிகிராம் என்பது ஒரு முறை. வாரந்தோறும் 40 மில்லிகிராம் என்பது மற்றொரு முறை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று குழம்பலாகாது.

பெயரும் குழம்பலாகாது. காபோபிளாற்றின் என்னும் தங்கை மருந்து ஒன்று உண்டு. அதனைக் கொடுப்பது நூற்றுக்கணக்கான மில்லிகிராமில். அந்த அளவிற் சிஸ்பிளாற்றினைக் கொடுத்துவிட்ட தவறுகள் அமெரிக்காவில் நேர்ந்தன, உயிர்கள் போயின. அதன் பின்னரே புட்டியின் மூடியிலும் எச்சரிக்கை பொறிக்கும் வழக்கம் அங்கு வந்தது. தாதிமார் இருவர் சேர்ந்து பெயரையும் அளவையும் உரக்கப் படித்து ஒப்பிடுவதும், நோயாளியிடம் பெயரை மீண்டும் மீண்டும் கேட்பதும் இதனாலேயே. தோட்டங்களில் ஒரே பெயர் பலருக்கு வாய்க்கும். மாரியாயியும் முத்துசாமியும் ஒரு தோட்டத்திலேயே பத்துப்பேர் இருப்பர். ஆதலின் பெயரோடு தந்தை பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் நலம்.

மருந்து ஏறுமுன் ஒரு லீற்றர் அல்லது அதனிற் கூடிய உப்புநீர், அதிலே பெரும்பாலும் மகனீசியம், பின்னர் மருந்து, அதன்பின் மீண்டும் உப்புநீர். வாந்தியைத் தடுக்கும் மருந்துகளும் முன்னரே கொடுக்கப்படும். ஊசி ஏறும் இடத்தில் எரிவோ வீக்கமோ தோன்றின் உடனே சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மை இங்கே வேண்டுவதில்லை. தாதி சிறுநீரின் அளவைக் கேட்பாள். இங்கேதான் மலையிற் கற்ற பழக்கம் குறுக்கே நிற்கின்றது. பொது விடுதியில், சுற்றிலும் அயலார் இருக்க, ஏறிக்கொண்டிருக்கும் உப்புநீர்க் குழாயோடு எழுந்து சிறுநீர் கழிக்கச் செல்ல வெட்கி அடக்கிக்கொண்டிருப்பவர் பலர்.

“தண்ணீர் குடித்தீர்களா, அம்மா?”

“குடித்தேன், மிஸ்.”

கேட்டவள் சிங்களத் தாதி. அவள் கற்ற தமிழ் அவ்வளவே. விடையளித்தவள் காலையில் அருந்திய ஒரு கோப்பையை மனத்திற் கொண்டு உண்மையையே சொன்னாள். எத்தனை போத்தல் என்று கேட்கத் தெரிந்திருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும். மொழியினால் நேரும் இவ்விடைவெளியில் ஒருவர் சிறுநீரகத்தையே இழக்கலாம். கூடச் செல்லும் மகனோ மருமகளோ, குடித்த தண்ணீரையும் கழித்த சிறுநீரையும் ஒரு தாளிலே குறித்துக் காட்டினால் மொழி இல்லாமலே செய்தி விளங்கும். எண்கள் எல்லார்க்கும் பொதுவன்றோ?

வீடு திரும்பிய பின்னரே மருந்தின் இரண்டாம் பாதி தொடங்குகின்றது. அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு, இதயநோய் போன்ற வேறு தடையில்லையெனில், நாளொன்றுக்கு இரண்டு முதல் மூன்று லீற்றர் வரை அருந்துமாறு வைத்தியர் கூறுவர். கடையிற் குளிர்பானம் விற்கும் ஒன்றரை லீற்றர்ப் போத்தல் எல்லா லயத்திலும் உண்டு. பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அத்தகைய இரண்டு போத்தல்களை நிரப்பித் தலைமாட்டில் வைத்துவிட்டால் கணக்குப் பிசகாது. சாயத்தண்ணீர், கஞ்சித்தண்ணீர், இளநீர் எதுவாயினும் கணக்கிற் சேரும். வாந்தி மிகுந்தால் ஜீவனி கரைத்துக் குடிக்கலாம். வாய்ப்புண்ணால் விழுங்க இயலாதவர்க்கு மூக்கின் வழியே மெல்லிய குழாய் இட்டு வயிற்றுக்கு நீரும் உணவும் செலுத்துவர். குழாயைக் கண்டவுடன் காலம் முடிந்துவிட்டதென்று ஒப்பாரி வைக்கும் உறவினர் உளர். குழாய் கதிர்ச் சிகிச்சை முடியும் வரைக்குமான ஏணியே. பலர்க்குப் பின்னர் எடுத்துவிடுவார்கள்.

தண்ணீர் குடி என்று சொல்லுவது எளிது. லயத்திலே மலசலகூடம் பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கும் தோட்டங்களும் இன்னும் உண்டு. இரவிலே மழையிற் குடையோடு, வழுக்கும் படியில் இறங்கவேண்டும். களைத்த நோயாளி அதற்கு அஞ்சியே மாலைக்குப்பின் குடிப்பதை விட்டுவிடுகின்றான். காம்பராவின் ஓர் மூலையில் திரைச்சீலை கட்டி, மூடியுள்ள வாளி ஒன்றை வைத்துக்கொடுத்தல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பான பணி. ஆயின் அந்த வாளியைக் கையாளுவதில் ஒரு கவனம் வேண்டும். செலுத்திய மருந்தின் ஒரு பங்கு சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். குறைந்தது இரண்டு நாளுக்கு இவற்றை வெறுங்கையால் தொடலாகாது. சிஸ்பிளாற்றின் மெதுவாக வெளியேறுவது ஆதலின், கூடிய நாட்களைக் கூறும் வைத்தியசாலைகளும் உண்டு. தாதி சொன்ன நாட்கணக்கே கணக்கு. இறப்பர்க் கையுறை இல்லாவிடிற் கெட்டியான பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். மலசலகூடத்தில் தெறிக்காமல் ஊற்றி, இரண்டு முறை நீர் விட்டு, கையைச் சவர்க்காரத்தாற் கழுவவேண்டும். அழுக்கான துணியைத் தனியாக இரண்டு முறை அலசவேண்டும். பலர் குடிநீர் எடுக்கும் பீலிக்கரையில் அலசலாகாது. கருவுற்ற பெண்ணும், பால் கொடுக்கும் தாயும் இவ்வேலையைச் செய்யலாகாது. மருந்து பெறுவோர் ஆணாயினும் பெண்ணாயினும் அக்காலத்திற் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டுமென்பதை, கேட்கக் கூசினாலும் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வளவையும் கேட்டு, நோயாளியையே ஒதுக்கிவைத்துவிடுவார்களோ என்ற அச்சம் எழுகின்றது. அவ்வாறு நடப்பதும் உண்டு. தனித் தட்டு, தனிப் பாய், பேரப்பிள்ளை அருகிற் செல்லத் தடை. புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. அவர் மடியிற் பிள்ளை இருக்கலாம். அவரோடு ஒரே பாயில் மனைவி உறங்கலாம். கழுவிய தட்டிலே யாரும் உண்ணலாம். கவனம் வேண்டுவது கழிவைப் பற்றியே.

வாந்தி மருந்தன்று மட்டும் வருவதன்று. இரண்டாம் மூன்றாம் நாட்களில் மீண்டும் வரும். முதல் நாள் நலமாக இருந்தமையால் வாந்தி மாத்திரையை அடுத்த முறைக்கென்று சேமித்துவைக்கும் சிக்கனக்காரர்களே மூன்றாம் நாள் வறண்டு விழுகின்றனர். கொடுத்த மாத்திரையைக் கொடுத்த நாள்வரை விழுங்கவேண்டும். உடம்பு வலிக்கென்று பசறைக் கடையிலோ பண்டாரவளைக் கடையிலோ டைகுளோபெனாக், இபுபுரோபென் போன்ற வலிமாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குதல் சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடியாகும். நாட்டு மருந்து உண்பவராயின், அதனை மறையாமல் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். திட்டு வாங்க நேரினும் நேர்க.

காய்ச்சல் என்பது இக்காலத்திற் சிறு நோயன்று. மருந்து எலும்பு மச்சையையும் தாக்குவதால், குருதியின் வெண்கலங்கள் குறையும். சிஸ்பிளாற்றினில் இது பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நிகழும். மருந்து ஏறியதையே மறந்திருக்கும் வேளை அது. 38 பாகை செல்சியசைத் தொடும் காய்ச்சலோ, நடுக்கமோ வந்தால் பனடோல் விழுங்கிவிட்டு விடியும் வரை காத்திருத்தல் ஆகாது. இரவாயினும் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். தோட்டத்து லொறிக்குத் துரையின் அனுமதி கேட்டு நின்ற காலம் இருந்தது. 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி நாடெங்கும் பரவிய சுவசெரிய அம்புலன்சை இன்று 1990 என்னும் இலக்கத்தில் கட்டணமின்றி அழைக்கலாம். லயத்துக்கு ஏறும் பாதை எங்கே பிரிகின்றது, எந்தக் கோயிலடியில் ஆள் நிற்பார் என்பதை முன்னரே வீட்டார் பேசி வைத்திருக்கவேண்டும். மூடுபனி இரவில் அப்பேச்சுக்கு நேரமிராது.

மற்றும் இரண்டு தீங்குகள் ஓசையின்றி வருவன. ஒன்று காதைப் பற்றியது. காதுக்குள் வண்டு இரைவது போன்ற ஓசை, மெல்லிய குரல் கேளாமை. மற்றொன்று விரல் நுனியிலும் உள்ளங்காலிலும் விறைப்பு, ஊசி குத்தும் உணர்வு. இரண்டும் மருந்தின் மொத்த அளவு ஏற ஏற மிகும். சில வேளை மீளாது. தோட்டத்தில் இவற்றின் பொருள் வேறு. கொழுந்து பறிப்பவளுக்குக் கண்ணைவிட விரல் நுனியே தொழில் செய்வது. இரண்டு இலையும் ஓர் அரும்பும் விரலுக்குத் தெரியவேண்டும். மலைச்சரிவிலே கால் விறைத்தவன் கவ்வாத்துக் கத்தியோடு நடக்கலாகாது. ஆயினும் இவற்றை வாய்விட்டுச் சொல்வோர் குறைவு. வயதாகிவிட்டது, குளிர் என்று தாமே காரணம் கற்பித்துக்கொள்வர். அடுத்த மருந்துக்கு முன்னர் இதனைக் கூறினால், வைத்தியர் அளவைக் குறைப்பார். வாராந்த முறைக்கு மாற்றுவார். அல்லது வேறு மருந்தை நாடுவார். சிஸ்பிளாற்றினைத் தாங்காதவர்க்குக் கதிரோடு டொசிற்றாக்செல் என்னும் மருந்தைக் கொடுத்துப் பயன் கண்ட ஆய்வு மும்பாய் தாதா நினைவு வைத்தியசாலையிலிருந்து வெளிவந்துள்ளது. சொல்லாவிட்டால் வைத்தியர்க்கு எவ்வாறு தெரியும்?

இத்தனை இடர்கள் இருக்க, மருந்தாற் கிடைக்கும் நன்மை என்ன? உலகின் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009இல் வெளியான கணக்கின்படி, தலையிலும் கழுத்திலும் வரும் முற்றிய புற்றுகளில், கதிரோடு அதே வேளையில் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஐந்தாண்டின் பின் உயிரோடிருப்போர் தொகை நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு பேரால் உயர்ந்தது. கேட்பதற்குச் சிறிய எண். நூறு குடும்பங்கள் வாழும் ஒரு தோட்டப் பிரிவிலே அதனைப் பொருத்திப் பார்ப்பவர் சிறிது என்று சொல்லத் தயங்குவர். சத்திரசிகிச்சையின் பின்னரும் வெட்டிய ஓரத்தில் நோய் எஞ்சியவர்க்கும், நெறிக்கட்டியின் உறையை மீறி நோய் பரவியவர்க்குமே மருந்து சேர்ப்பதன் பயன் மிகுதி என்று 2004இல் வெளியான இரு பெரும் ஆய்வுகள் காட்டின. எல்லார்க்கும் இம்மருந்து வேண்டியதில்லை. பக்கத்துக் காம்பராக்காரனுக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று வருந்துவதும் பொருந்தாது.

மேலே சொன்ன நன்மை, மருந்தின் மொத்த அளவிற் பெரும்பகுதியேனும் உள்ளே சென்றவர்க்கே. சதுர மீற்றருக்கு மொத்தம் 200 மில்லிகிராம் சேரவேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். கதிர்ச் சிகிச்சையோ ஆறு ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். அத்தனை நாள் தங்க நகரத்தில் உறவினர் இல்லை; நாட்பேர் இல்லை; சம்பளமில்லாத மாதத்தில் கடைக்காரன் கடன் கொடான். அரசாங்க வைத்தியசாலையில் மருந்துக்குக் காசில்லை என்பது இந்நாட்டின் பேறு. ஆனால் பேருந்துக்கும், கூடவருபவரின் சோற்றுக்கும் காசு வேண்டும். மூன்றாம் வாரத்தில் வாய்ப்புண் எரியத் தொடங்கும்போது, தீபாவளிக்கு வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று சென்றவர் திரும்பாமலிருப்பது மருந்தின் தோல்வி ஆகாது. அவ்வேளையில் தோட்டத்து வைத்திய உதவியாளரோ, குடும்பநல மாதுவோ, தொழிற்சங்கத் தலைவரோ லயத்துக்கு ஒருமுறை சென்று விசாரிப்பதற்கு எந்த மருந்துப் புட்டியும் ஈடாகாது.

மருந்தே கிடைக்காத காலமும் உண்டு. 2022இல் இலங்கை அந்நியச் செலாவணியின்றித் தவித்தபோது வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது. வறிய நாட்டுக்கே இது நேரும் என்று எண்ணவேண்டாம். அடுத்த ஆண்டு, குஜராத்திலுள்ள ஒரு தொழிற்சாலை, பரிசோதகர்கள் குறை கண்டமையால் உற்பத்தியை நிறுத்தியவுடன், அமெரிக்காவிலேயே சிஸ்பிளாற்றினுக்குப் பெரும் பஞ்சம் வந்தது. மலிவான பழைய மருந்து என்பதால் அதனை ஆக்குவோர் சிலரே.

சிகிச்சை முடிந்து, வாய் ஆறி, மீண்டும் சோறு உண்ணத் தொடங்கியவர் மருந்தை மறந்துவிடுவது இயல்பு. உடம்பு மறப்பதில்லை. சிஸ்பிளாற்றின் பெற்றவர்களின் குருதியில் இருபது ஆண்டுகளின் பின்னரும் பிளாற்றினத்தின் சுவடு காணப்பட்டதாக 2000ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். ஆண்டுகள் பல கழித்து வேறொரு நோய்க்காகத் தியத்தலாவைக்கோ மொனறாகலைக்கோ சென்றாலும், சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஒரு மருந்தை எழுதுமுன் அங்குள்ள வைத்தியர் இவ்வரலாற்றை அறியவேண்டும். அதனை அவர்க்குச் சொல்லுவது கிளினிக் புத்தகம். தேசிய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் தகரப் பெட்டியிலேயே, மழை ஒழுகினாலும் நனையாதவாறு பொலித்தீனிற் சுற்றி, அப்புத்தகத்தையும் வைத்தல் வேண்டும். எத்தனை முறை, எந்தத் திகதியில், எத்தனை மில்லிகிராம் என்பன அதிற் சிவப்பு மையால் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று, கடைசி நாளன்று விடுதியை விட்டுப் புறப்படுமுன் தாதியிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.